தாடை மூட்டுக் குருத்தெலும்பு: நுண்ணமைப்பும் மீளுருவாக்கமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவ மாணவர்கள், திசு ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், மீளுருவாக்க ஆராய்ச்சியில் புதிதாக நுழைபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கருத்து ஒன்றுதான்: தாடை மூட்டில் தொலைந்துபோவது வெறும் குருத்தெலும்பு அல்ல, அடுக்குகளின் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ளாமல் பள்ளத்தை மட்டும் நிரப்பும் எந்த முயற்சியும் நீண்ட நாள் நிற்காது.

முழங்கால் குருத்தெலும்பைப் பற்றித் தெரிந்தால் தாடை மூட்டுக்கும் அது போதாதா?

போதாது. முழங்கால், இடுப்பு போன்ற மூட்டுகளில் எலும்பின் முனையை மூடியிருப்பது ஹயலின் எனப்படும் கண்ணாடி போன்ற வழுவழுப்பான குருத்தெலும்பு. அதில் 2-ஆம் வகை கொலாஜன் என்ற இழைப் புரதமும், அக்ரிக்கன் என்ற பெரிய புரோட்டியோகிளைக்கானும் (சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய, நீரைப் பிடிக்கும் புரதம்) மேலோங்கி நிற்கும். தாடை மூட்டில், கீழ்த்தாடையின் மூட்டுக் குமிழையும் அதற்கு எதிரே உள்ள பொட்டெலும்பின் மேட்டையும் மூடியிருப்பது நார்த்திசு. அதன் மேற்பரப்பில் 1-ஆம் வகை கொலாஜனே அதிகம். 2-ஆம் வகை ஆழத்தில்தான் வருகிறது.

பிறப்பிலேயே வேறுபாடு இருக்கிறது. கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பு அச்சாக உருவாகி, பிறகு எலும்பாக மாறுகின்றன. மூட்டுப் பரப்பின் குருத்தெலும்பு அந்த அச்சின் மிச்சம். கீழ்த்தாடையோ கருவின் தாடையில் முதலில் தோன்றும் மெக்கெல் குருத்தெலும்புத் தண்டுக்கு வெளியே, சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது. அதற்குப் பிறகுதான் குமிழ்ப் பகுதியில் குருத்தெலும்பு தோன்றுகிறது. அதனால் இதை இரண்டாம் நிலைக் குருத்தெலும்பு என்கிறோம். இதன் செல்கள் கருவில் நரம்புக் குழாயின் விளிம்பில் உள்ள நரம்பு முகட்டிலிருந்து வந்தவை. முழங்கால் செல்கள் கருவின் நடு அடுக்கான இடைப்படலத்திலிருந்து வந்தவை. ஒரே சமிக்ஞைக்கு இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுக்குகள் என்னென்ன? ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது?

மேலிருந்து கீழாக நான்கு.

முதலில் நார் அடுக்கு. தட்டையான, நார்ச்செல் போன்ற செல்கள். பரப்புக்கு இணையாக, பெரும்பாலும் முன்பின் திசையில் ஓடும் 1-ஆம் வகை கொலாஜன் கற்றைகள். தாடை முன்னும் பின்னும் வழுக்கும்போது எழும் உராய்வு இழுப்பைத் தாங்குவது இதுதான். பரப்பில் உள்ள செல்கள் லூப்ரிசின் என்ற வழவழப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. இங்கே இரத்தக் குழாய் இல்லை. உணவு மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது.

அதன் கீழே பெருகும் அடுக்கு. சில செல் வரிசைகள் மட்டுமே கொண்ட மெல்லிய பட்டை. செல்கள் சிறியவை, நெருக்கமானவை, செல்களுக்கு இடையே நிறைந்திருக்கும் இடைப்பொருள் மிகக் குறைவு. நுண்ணோக்கியில் பார்த்தால் கருநீலக் கோடு போலத் தெரியும். பலர் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோகும் இடம் இது. ஆனால் மீளுருவாக்கம் பற்றிய பேச்சு முழுவதும் இந்தக் கோட்டைச் சுற்றியே நடக்கிறது. இங்குள்ள செல்கள் இன்னும் முடிவான வேடம் பூணாதவை: குருத்தெலும்புச் செல்லாகவும் போகலாம், எலும்புச் செல்லாகவும் போகலாம். சாக்ஸ்9, ரன்க்ஸ்2 ஆகிய இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்களையும் இங்கே காணலாம்.

மூன்றாவது முதிர் அடுக்கு. செல்கள் உருண்டு, 2-ஆம் வகை கொலாஜனையும் அக்ரிக்கனையும் உண்டாக்குகின்றன. நீரைப் பிடித்துவைத்து அழுத்தத்தைத் தாங்குவது இந்த இடைப்பொருள்தான்.

நான்காவது பருத்த செல் அடுக்கு. செல்கள் வீங்குகின்றன, 10-ஆம் வகை கொலாஜன் தோன்றுகிறது, இடைப்பொருளில் சுண்ணாம்பு படிகிறது. இரத்தக் குழாய்களை அழைக்கும் விஇஜிஎஃப், இடைப்பொருளை அரிக்கும் எம்எம்பி-13 இரண்டும் இங்கே சுரக்கின்றன. இதற்குக் கீழே எலும்பு.

இது எலும்பின் வளர்ச்சித் தட்டைப் போலவே இருக்கிறதே?

கீழ்ப்பாதி போலத் தெரியும், மேல்பாதி வேறு. வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புச் செல்களே பிரிந்து, நாணயம் அடுக்கியதுபோல் நெடுவரிசையாகி, உள்ளிருந்து நீளத்தைக் கூட்டுகின்றன. தாடைக் குமிழில் பிரிபவை பெருகும் அடுக்கின் முன்னோடிச் செல்கள். முதிர்ந்த செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. வளர்ச்சி மேலிருந்து படிந்து சேர்வதாக நடக்கிறது. செல்களும் நெடுவரிசையில் இருக்காது, சிதறியே இருக்கும்.

இதற்கு நடைமுறை விளைவு உண்டு. வளர்ச்சித் தட்டு தன் உள் அட்டவணைப்படி வளர்கிறது. தாடைக் குமிழோ சுமைக்கும் தாடையின் இருப்புநிலைக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. குழந்தைகளில் குமிழ் முறிந்தால் அறுவை இல்லாமலே பல நேரங்களில் அது நன்றாக உருவம் பெற்றுவிடுவதற்கு பெருகும் அடுக்கு விழிப்போடு இருப்பதே காரணம். அதே குழந்தையின் வாயை நீண்ட நாள் கட்டி வைத்தால் மூட்டு எலும்பாகி இறுகிவிடும் ஆபத்து உண்டு. சீக்கிரமாக அசைக்கச் சொல்வது அதனால்தான்.

பருத்த செல்கள் கடைசியில் இறந்துவிடுகின்றனவா?

எல்லாம் இறப்பதில்லை. முன்பு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. செல்லுக்கு நிலையான நிற அடையாளம் இட்டு அதன் வழித்தோன்றல்களைப் பின்தொடரும் எலி ஆய்வுகள் வந்த பிறகு படம் மாறியது. 2015-இல் வெளியான ஆய்வு, குமிழின் குருத்தெலும்புச் செல்களில் கணிசமான பகுதி நேரடியாக எலும்புச் செல்லாக மாறுகிறது என்று காட்டியது. ஆகவே மேலே குருத்தெலும்பு கெட்டால் கீழே எலும்பும் கெடும். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய நினைப்பது தவறு.

வயது ஏற ஏற அடுக்குகள் என்ன ஆகின்றன?

வளரும் வயதில் பருத்த செல் அடுக்கு தடிமனாக இருக்கும். இருபதுகளின் தொடக்கத்தில் குருத்தெலும்பு மெலிந்து, அதன் கீழே முழுமையான எலும்புத் தகடு மூடிவிடுகிறது. பெரியவர்களின் குமிழில் மூடுதிசுவின் மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான். பெருகும் அடுக்கு மெலிந்து, சில இடங்களில் விட்டுவிட்டுத் தெரியும். ஆனால் அடியோடு மறைவதில்லை. பதினாறு வயதுக் குமிழின் படத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வயதுத் திசுவைத் தேய்மானம் என்று தீர்ப்பளிக்காதீர்கள்.

குமிழுக்கும் பொட்டெலும்புக்கும் நடுவில் இருக்கும் வட்டும் குருத்தெலும்புதானா?

அப்படிச் சொல்லப்பட்டாலும் பெரும்பகுதி நார்த்திசு. இரண்டு பக்கமும் குழிந்த வடிவம்: பின்பட்டை சுமார் 3 மில்லிமீட்டர், முன்பட்டை 2, நடுப்பகுதி 1 மில்லிமீட்டர் அளவு. நடுப்பகுதியில் 1-ஆம் வகை கொலாஜன் முன்பின்னாக ஓடுகிறது. விளிம்பில் வளையமாகச் சுற்றுகிறது. நீரைப் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலியான கிளைக்கோசமினோகிளைக்கான் உலர் எடையில் சில சதவீதமே. செல்களில் நார்ச்செல்களே அதிகம், குருத்தெலும்புச் செல் போன்றவை குறைவு. வட்டின் பின்னால் உள்ள திசுவில் மட்டும் இரத்தக் குழாயும் நரம்பும் நிறைய. வட்டு முன்னால் நழுவிவிட்டால் குமிழ் அந்தத் திசுவை அழுத்துகிறது. வலி அங்கிருந்து வருகிறது.

ஸ்டெம் செல்கள் (பிரிந்து பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்கள்) உண்மையில் எங்கே இருக்கின்றன?

2016-இல் வெளியான ஆய்வொன்று, குமிழின் மேற்பரப்பு மண்டலத்தில் நார்க்குருத்தெலும்பு ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டியது. அங்கிருந்து பிரித்தெடுத்த ஒரே செல்லின் வழித்தோன்றல்களை உயிருள்ள விலங்கில் பதித்தபோது குருத்தெலும்பு, எலும்பு, எலும்பு மஜ்ஜைக்கான இடம் ஆகிய மூன்றும் உருவாயின. இதைவிட முக்கியமானது அந்த ஆய்வின் இரண்டாம் பகுதி. செல்கள் எப்படி மாற வேண்டும் என்று சொல்லும் வின்ட் சமிக்ஞை மிகையாகும்போது இந்தச் செல்களின் கையிருப்பு தீர்ந்து, குருத்தெலும்பு சிதைகிறது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் புரதத்தை முயலின் காயப்பட்ட தாடை மூட்டில் செலுத்தியபோது கையிருப்பு காக்கப்பட்டு, திசு பழுதுபார்க்கப்பட்டது.

வெளியிலிருந்து செல்லைக் கொண்டுவந்து கொட்டுவதா, உள்ளே இருப்பதைக் காப்பதா என்ற கேள்விக்கு இது ஒரு திசை காட்டுகிறது. தொடக்க நிலைச் சேதத்தில் இரண்டாவது வழியே கூடுதல் நம்பிக்கை தருவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. நார் அடுக்கே உரிந்து எலும்பு வெளிப்பட்ட மூட்டில் காப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

சுமை நல்லதா கெட்டதா?

அளவோடு இருந்தால் தேவை. எலிகளுக்கு மென்மையான உணவு மட்டும் கொடுத்தால் குமிழின் குருத்தெலும்பு மெலிகிறது. மிகையான அல்லது இடம் மாறிய சுமை கொடுத்தால் செல்கள் இறந்து, எம்எம்பி, ஏடிஏஎம்டிஎஸ்-5 போன்ற நொதிகள் இடைப்பொருளை அரிக்கின்றன. முதிர் அடுக்கின் கீழ்ப்பகுதியில் சுரக்கும் ஐஎச்எச், மேல் அடுக்குகளில் உள்ள பிடிஎச்ஆர்பி ஆகிய இரு புரதங்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தி, எவ்வளவு செல் பெருக வேண்டும், எப்போது பருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சுமை இந்தச் சுற்றின் வழியாகவும் வேலை செய்கிறது. எந்த உள்வைப்பைப் பதித்தாலும் அதன் பிறகான அசைவும் சுமையும் சிகிச்சையின் பாதி என்று கொள்ள வேண்டும்.

தாடைக் குமிழிலிருந்து நல்ல திசு வெட்டு எடுப்பது எப்படி?

வட்டையும் குமிழையும் பிரிக்காமல், முடிந்தால் பொட்டெலும்பின் பகுதியோடு ஒரே கட்டியாக எடுங்கள். திசுவின் கன அளவைப் போல 10 முதல் 20 மடங்கு நடுநிலைப் பஃபர் சேர்த்த 10 சதவீத ஃபார்மலினில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். பெரிய விலங்கின் குமிழ் என்றால் முதலில் மெல்லிய வாளால் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுப்பகுதி நிலைப்படுவதற்குள் அழுகத் தொடங்கிவிடும்.

சுண்ணாம்பு நீக்கத்துக்கு, கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ 10 முதல் 14 சதவீதம், பிஎச் 7.2 முதல் 7.4. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றவும், மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கவும். சுண்டெலிக்கு இரண்டு மூன்று வாரம், பன்றிக்கு மாதக்கணக்கு. முடிந்ததா என்று ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். குத்திய வழி பிறகு பிளவாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

பாரஃபினில் புதைக்கும்போது குமிழை முன்பின் தளத்தில் நிறுத்துங்கள். 5 மைக்ரான் வெட்டு, மின்னேற்றம் பெற்ற கண்ணாடித் தகடு. உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று ஆழங்களிலிருந்தும் வெட்டு எடுங்கள், ஏனென்றால் சேதம் ஒரே சீராக இருக்காது.

புரோட்டியோகிளைக்கானைச் சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின் சாயத்துக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது: வெய்கெர்ட் இரும்பு ஹிமடாக்ஸிலின் 5 முதல் 10 நிமிடம், ஓடும் நீரில் 10 நிமிடம், 0.05 சதவீத ஃபாஸ்ட் கிரீன் 5 நிமிடம், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 10 முதல் 15 வினாடி, 0.1 சதவீத சாஃப்ரனின் 5 நிமிடம். பிறகு 95 சதவீத ஆல்கஹால், தூய ஆல்கஹால், சைலீன். ஆல்கஹாலில் அதிக நேரம் விட்டால் சிவப்பு வெளுத்துவிடும்.

எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் நான்கு இடங்களில்.

அமிலத்தில் சுண்ணாம்பு நீக்குவது முதல் தவறு. ஃபார்மிக் அமிலம் சில நாளில் வேலையை முடித்துவிடும், ஆனால் புரோட்டியோகிளைக்கானையும் கரைத்துக்கொண்டு போகும். பிறகு சாஃப்ரனின் வெளிறியிருப்பதைப் பார்த்து மூட்டு தேய்ந்துவிட்டது என்று எழுதுவார்கள். ஒப்பீட்டுத் திசுவையும் அதே நாளில் அதே கரைசலில் போட்டிருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது, சாய்ந்த வெட்டு. குமிழ் பக்கவாட்டில் சுமார் 20 மில்லிமீட்டர், முன்பின்னாக 8 முதல் 10 மில்லிமீட்டர் உள்ள வளைந்த உருவம். கத்தி சாய்ந்தால் மெல்லிய அடுக்கும் தடித்துத் தெரியும். பெருகும் அடுக்கு இரட்டிப்பாகிவிட்டது என்று மகிழ்வதற்கு முன், பக்கத்து வெட்டுகளிலும் அதே தடிமன் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் வருத்தமளிப்பது, ஏனென்றால் அச்சாகிவிட்ட கட்டுரைகளிலும் தென்படுகிறது: நார் அடுக்கு சாஃப்ரனின் சிவப்பை ஏற்காததைச் சேதம் என்று கணக்கிடுவது. அது அந்த அடுக்கின் இயல்பு. குருத்தெலும்புத் தேய்மானத்தை அளவிடும் 1971-இன் மேன்கின் மதிப்பெண் முறையும் 2006-இன் ஓஏஆர்எஸ்ஐ முறையும் ஹயலின் குருத்தெலும்பை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றை மாற்றாமல் தாடை மூட்டில் பயன்படுத்தினால் ஆரோக்கியமான திசுவுக்கும் நோய் மதிப்பெண் விழும். நார் அடுக்கை வைத்துப் பிளவையும் ஒழுங்கையும் மதிப்பிடுங்கள். சிவப்பின் அடர்த்தியை முதிர் அடுக்கிலிருந்து கீழே மட்டும் அளவிடுங்கள்.

நான்காவது, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளால் சாயமிடும்போது 95 டிகிரியில் சூடாக்குவது. குருத்தெலும்பு தகட்டிலிருந்து உரிந்துவிடும். சிட்ரேட் பஃபரில் 60 டிகிரியில் இரவு முழுவதும் வைப்பது பாதுகாப்பு. 2-ஆம் வகை கொலாஜனுக்கு ஹயலுரானிடேஸ் அல்லது பெப்சின் செரிமானமே பல நேரங்களில் போதும்.

கொலாஜனுக்கான பிக்ரோசிரியஸ் சாயத்தில் சிவப்பு என்றால் 1-ஆம் வகை, பச்சை என்றால் 3-ஆம் வகை என்கிறார்களே?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். முனைவாக்கிய ஒளியில் தெரியும் நிறம் இழையின் தடிமன், நெருக்கம், திசை ஆகியவற்றைப் பொறுத்தது. தகட்டைச் சுழற்றினாலே பிரகாசம் மாறும். இழைகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க அருமையான சாயம். வகையை அறிய எதிர்ப்பொருள்தான் வழி.

தேய்ந்த மூட்டு நுண்ணோக்கியில் எப்படி இருக்கும்?

மேலே நார்கள் பிரிந்து பிளவு விழும். பெருகும் அடுக்கு அறுபடும். முதிர் அடுக்கில் செல்கள் சில இடங்களில் காணாமல் போய், சில இடங்களில் கொத்தாகத் திரளும். கீழே எலும்பில் குழிவும் தடிப்பும். வெட்டும்போது உண்டான பிளவைச் சுற்றி செல் கொத்தோ சாயக் குறைவோ இருக்காது. நோயால் வந்த பிளவைச் சுற்றி இருக்கும். வேறுபடுத்த இதுவே எளிய வழி.

எந்த விலங்கில் ஆய்வு செய்யலாம்?

கேள்வியைப் பொறுத்தது. மரபணு, செல் பரம்பரை என்றால் சுண்டெலி. ஆனால் அதற்கு மனிதருக்கு இருப்பதுபோல் உயர்ந்த மூட்டு மேடு இல்லை, தாடை முக்கியமாக முன்னும் பின்னும் நகர்கிறது. உள்வைப்பைச் சோதிக்க மினிபன்றி: அளவு, வட்டின் அமைப்பு, எதையும் மெல்லும் பழக்கம் மூன்றும் மனிதருக்கு நெருக்கம். முயல் இடைப்பட்டது. எலியில் வெற்றி பெற்றதை நேராக மனிதருக்கு நீட்டுவது சரியல்ல, ஏனெனில் எலியின் அடுக்குகள் வாழ்நாளின் பெரும்பகுதியில் வளர்ச்சி நிலையிலேயே இருக்கின்றன.

முழங்காலில் செய்வதுபோல் எலும்பில் துளையிட்டு மஜ்ஜைச் செல்களை வரவழைக்கலாமா? விலா எலும்பை ஒட்டலாமா?

குமிழ் அமரும் பொட்டெலும்புக் குழியின் பக்கம் துளையிடும் எண்ணமே வேண்டாம். குழியின் கூரை மிக மெல்லியது, மேலே மூளை இருக்கிறது. உண்மையில் அந்தக் கூரை சுமை தாங்கும் இடமும் அல்ல. சுமை குமிழின் முன்மேல் பரப்புக்கும் மேட்டின் பின்சரிவுக்கும் இடையில்தான் விழுகிறது.

விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒட்டு, முக்கியமாக வளரும் குழந்தைகளின் இறுகிய மூட்டுக்கு நெடுங்காலமாகச் செய்யப்படுகிறது. சிக்கல், அது தன் சொந்த வேகத்தில் வளர்வது. சில குழந்தைகளில் வளராமல் நின்றுவிடும், சிலரில் மிகையாக வளர்ந்து தாடையை மறுபக்கம் தள்ளிவிடும். சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றும் பெருகும் அடுக்கு அதில் இல்லை.

செயற்கைப் பொருளின் வரலாறும் எச்சரிக்கிறது. 1980-களில் வட்டுக்குப் பதிலாக வைத்த புரோபிளாஸ்ட்-டெஃப்லான் உள்வைப்புகள் சுமையில் நொறுங்கின; துகள்களைச் சுற்றிப் பெருஞ்செல்கள் திரண்டு எலும்பை அரித்தன. அந்தப் பொருள் தனியாகப் பார்த்தால் செயலற்றது என்று நம்பப்பட்டது. துகளாக உதிர்ந்தபோது நிலை வேறானது.

திசுப் பொறியியலில் இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன?

மிக நல்ல எடுத்துக்காட்டு 2018-இல் வந்தது. மினிபன்றியின் விலாக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து, தாங்கு சட்டகம் இல்லாமலே திசுவாகத் திரளச் செய்து, வேறொரு மினிபன்றியின் மெலிந்த வட்டில் பதித்தார்கள். வட்டு பழுதுபார்க்கப்பட்டது, கடுமையான நிராகரிப்பு எழவில்லை. இது வட்டுக்கானது, குமிழின் நான்கு அடுக்குகளையும் ஒருசேர எழுப்புவது இதைவிடக் கடினம்.

செல் வளர்ப்பில் இரண்டு இடர்கள் உண்டு. குருத்தெலும்புச் செல்லைத் தட்டையான தட்டில் பலமுறை பெருக்கினால் நார்ச்செல்லாக மாறத் தொடங்கும். மஜ்ஜை ஸ்டெம் செல்லை டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்துக் குருத்தெலும்பாக்கினால் 10-ஆம் வகை கொலாஜனோடு பருத்து, எலும்பை நோக்கிப் போய்விடும். குமிழின் கீழடுக்குக்கு அது பொருந்தும், மேற்பரப்பில் நடந்தால் கேடு.

வெற்றி என்று எதைக் கொள்வது?

பள்ளம் நிரம்பிவிட்டது என்பதையோ சாஃப்ரனின் நல்ல சிவப்பு என்பதையோ அல்ல. மேற்பரப்பு வரை சிவப்பாக இருந்தால் அது தவறான திசு. மேலே 1-ஆம் வகை கொலாஜன் முன்பின் திசையில் ஓட வேண்டும், அதன் கீழே பிரியும் செல்களின் பட்டை தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 2-ஆம் வகை அதற்கும் கீழே தொடங்க வேண்டும், 10-ஆம் வகை ஆழத்தில் மட்டும் இருக்க வேண்டும். கூடவே இழுவிசைச் சோதனையை முன்பின், பக்கவாட்டு ஆகிய இரு திசைகளிலும் செய்யுங்கள். இரண்டும் சமமாக வந்தால் இழைகள் ஒழுங்காகவில்லை என்று பொருள். ஆறு வாரத்தில் அழகாகத் தெரிந்தது ஆறு மாதத்தில் எலும்பாகியிருக்கலாம் என்பதால் நீண்ட காலப் புள்ளி ஒன்று கட்டாயம்.

ஸ்கேனில் அடுக்குகள் தெரியுமா? ஊசி போட்டால் வளருமா?

எம்ஆர்ஐ வட்டின் இடத்தையும் நீர்க்கோர்வையையும் காட்டும், கூம்புக்கதிர் சிடி எலும்பின் அரிப்பையும் முள் வளர்ச்சியையும் காட்டும். அரை மில்லிமீட்டர் திசுவுக்குள் உள்ள நான்கு அடுக்குகளை வழக்கமான ஸ்கேன் எதுவும் பிரித்துக் காட்டாது.

1991 முதல் வழக்கில் உள்ள மூட்டுக் கழுவலும், ஹயலுரானிக் அமிலம் அல்லது தட்டணுச் செறிவுள்ள பிளாஸ்மா ஊசியும் பலருக்கு வலியைக் குறைத்து, வாய் திறப்பைக் கூட்டுகின்றன. அழற்சிப் பொருள்கள் வெளியேறுவதும் உராய்வு குறைவதும் அதற்குப் போதுமான காரணங்கள். வலி குறைந்ததை வைத்துக் குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தத் திசு வெட்டில், எந்த அடுக்கில் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.